விரலை இழந்தவரிடம் கையெழுத்தா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் சின்னச் சின்னப் பட்டறைகள் உண்டு. அங்கே 'பவர் பிரஸ்' என்ற எந்திரம் ஓடும். தகட்டை வைக்க வேண்டும். காலால் மிதிக்க வேண்டும். வெட்டிய துண்டை எடுக்க வேண்டும். காலை முதல் மாலை வரை இதே வேலைதான். ஆயிரம் தடவை சரியாகப் போய்வந்த கை, அடுத்த தடவை அரை நொடி பிந்தினால் போதும். விரல்கள் தகட்டோடு போய்விடும்.

அதற்குப் பிறகு நடப்பது பல இடங்களில் ஒரே மாதிரி இருக்கிறது.

முதலாளியே ஆட்டோ பிடித்துத் தொழிலாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். பணம் கட்டுகிறார். "கவலைப்படாதே, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தைரியம் சொல்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பயந்து போயிருக்கிறார், அவ்வளவுதான்.

நாலாம் நாள் மேஸ்திரி வருகிறார். ஒரு கவரில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. கூடவே ஒரு தாளும் இருக்கிறது. "கணக்குக்காக ஒரு கையெழுத்துப் போடு, தம்பி" என்கிறார். தொழிலாளியின் வலது கையில் கட்டு. வலி தெரியாமல் இருக்கக் கொடுத்த மருந்தின் மயக்கம் வேறு. இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைக்கிறார்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? 'என் கவனக்குறைவால் அடிபட்டது. முழு நஷ்டஈடும் பெற்றுக்கொண்டேன். இனி எந்தப் பாத்தியதையும் இல்லை.' சில சமயம் அதில் ஒன்றுமே எழுதியிருப்பதில்லை. வெறும் தாள்தான்!

தாளின் விலை என்ன?

அந்தக் கைநாட்டினால் தொழிலாளி இழப்பது எவ்வளவு? இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டால் போதும். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பெரிய சிறப்பே இதுதான். தொகை யாருடைய தயவிலும் இல்லை. வயதும் சம்பளமும் ஊனத்தின் அளவும் தெரிந்தால் பள்ளிப் பையன்கூடத் தொகையைச் சொல்லிவிடலாம்.

அந்தத் தொழிலாளிக்கு வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று கொள்ளலாம். சம்பளத்தில் 60 சதவீதம் 9,000 ரூபாய். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெருக்கல் எண் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. 30 வயதுக்கு அது 207.98. இரண்டையும் பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது வேலைத்திறன் முழுவதும் போனவருக்கு உரிய தொகை. ஒரு கையில் மூன்று விரல்கள் போனால் ஊனம் 30 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது. ஆக, அவருக்குச் சேர வேண்டியது 5,61,546 ரூபாய்.

கையில் கிடைத்தது 30,000. கை நழுவிப் போனது ஐந்து லட்சத்துக்கும் மேல்.

அதே தொழிலாளி விபத்தில் இறந்துவிட்டால்? அப்போது சம்பளத்தில் 50 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய் வர வேண்டும். சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ள ஒரு உச்சவரம்பு உண்டு. 2010-ல் 8,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய் ஆயிற்று.

நூறு வருஷத்து உரிமை

இந்த உரிமை நேற்று முளைத்தது அல்ல. 1918-ல் சென்னையில் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தார்கள். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அதே 1923-ல்தான் வெள்ளைக்கார சர்க்கார் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைப் பிறப்பித்தது. 1924 ஜூலை 1 முதல் அது அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டம் பல திருத்தங்களோடு நூறு ஆண்டுகள் நடந்தது. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பெயரும் பிரிவு எண்களும் மாறின. ஆனால் உயிர்நாடி மாறவில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பதே அது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்பு உடையதாக இருந்தால் அதற்கும் நஷ்டஈடு உண்டு என்று புதிய தொகுப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. நவம்பர் 21-க்கு முன்பு நடந்த விபத்தாக இருந்தால் பழைய சட்டத்தின்படி கேட்க வேண்டும்.

குற்றம் யாருடையது என்ற கேள்வியே இந்தச் சட்டத்தில் முக்கியம் இல்லை. 'என் கவனக்குறைவு' என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அதனால் மட்டும் உரிமை போய்விடாது. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய சில காரணங்களைத்தான் முதலாளி சொல்லித் தப்ப முடியும். உயிர் போயிருந்தாலும் வேலைத்திறன் முழுவதும் நிரந்தரமாகப் போயிருந்தாலும் அந்தச் சாக்குகளும் செல்லாது.

"தடுப்பைக் கழற்றியது அவன்தான்" என்று முதலாளி சொல்லலாம். யார் சொல்லிக் கழற்றினார்? தடுப்பு இருந்தால் ஒரு மணி நேரத்தில் இத்தனை துண்டுதான் வெட்ட முடியும். தடுப்பு இல்லாவிட்டால் இன்னும் அதிகம் வெட்டலாம். அந்த அதிகத்தைக் கேட்டது யார்? இந்தக் கேள்வியை விசாரணையில் எழுந்து நின்று கேட்க ஒரு ஆள் வேண்டும். வலியோடு படுத்திருக்கும் தொழிலாளியால் அது முடியுமா? சட்ட உதவி எதற்கு என்றால் இதற்குத்தான்.

கையெழுத்துப் போட்டவர் கதி

ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் மனம் உடைந்து போக வேண்டாம். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக் கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. தொகையைப் பேசி முடித்துக்கொண்டால் அந்த உடன்படிக்கையை நஷ்டஈட்டு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்றோ, மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ வாங்கியது என்றோ தெரிந்தால் அதிகாரி பதிவு செய்ய மறுக்கலாம். பதிவாகாத தாளைக் காட்டி முதலாளி முழுப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

தொழிலாளி இறந்துவிட்டால் சட்டம் இன்னும் கண்டிப்பானது. நஷ்டஈட்டை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். துக்க வீட்டில் விதவையின் கையில் ஒரு கட்டு நோட்டைத் திணித்துவிட்டு "நஷ்டஈடு கொடுத்தாகிவிட்டது" என்று சொன்னால் அது நஷ்டஈடு கொடுத்ததாக ஆகாது. விவரம் தெரியாத பெண்ணிடமிருந்து அந்தப் பணத்தைச் சுற்றத்தார் பறித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஆனாலும் அந்தத் தாள் தீங்கு செய்யாமல் இருப்பதில்லை. 'விபத்துப் பட்டறையில் நடக்கவில்லை', 'நான் அங்கே வேலை செய்யவே இல்லை' என்றெல்லாம் எழுதியிருந்தால் அதை உடைக்க வருஷக்கணக்கில் போராட வேண்டும். முதலாளி நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டே காலத்தைக் கடத்துவார். விபத்து நடந்த இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது சட்டம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதிகாரி மன்னிக்கலாம். அந்த மன்னிப்பை நம்பி இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

முதல் வாரம் முக்கியம்

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் விசாரணை மண்டபத்தில் முடிவாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வழக்கு, விபத்து நடந்த முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடுகிறது.

எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்பார். "வீட்டில் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொல், போலீஸ் தொல்லை இருக்காது" என்று கூட வந்தவர் காதில் ஓதுவார். அதைக் கேட்கவே கூடாது. 'இந்தப் பட்டறையில், இந்த எந்திரத்தில், இத்தனை மணிக்கு' என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ஏறும் அந்த ஒரு வரி பத்துச் சாட்சிகளுக்குச் சமம். அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை பார்த்ததற்கும் சம்பளம் வாங்கியதற்கும் அடையாளம் வேண்டும். சம்பளச் சீட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாங்குக் கணக்கில் வந்த பணம், செல்போனில் வந்த பணம், மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம், கூட வேலை செய்தவரின் வாக்குமூலம் எல்லாம் உதவும்.

விபத்தைப் பற்றி முதலாளிக்கு எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

படித்துப் பார்க்காத தாளில், படித்துக் காட்டாத தாளில், ஒன்றும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. உதவிப் பணம் வாங்கலாம். அதற்கு 'முன்பணமாக இவ்வளவு பெற்றேன்' என்று மட்டும் எழுதிக் கொடுக்கலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு இ.எஸ்.ஐ. திட்டம் உண்டு. அதில் சேரும் சம்பள வரம்பு 2017-ல் 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்கள் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் ஊன உதவித் தொகை கேட்க வேண்டும். அது மாதா மாதம் வரும். இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. இ.எஸ்.ஐ. இல்லாத சின்னப் பட்டறைத் தொழிலாளியும் கட்டட வேலைக்காரரும் நஷ்டஈட்டு அதிகாரியிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் உயர் அதிகாரிகளே நஷ்டஈட்டுக் கமிஷனராக இருந்து விசாரித்து வந்திருக்கிறார்கள்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் சொந்த ஊரிலும் போடலாம். "நான் காண்டிராக்டர் ஆள், கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லை" என்று யாரும் சோர்ந்துவிடவும் வேண்டாம். தன் தொழிலுக்காகக் காண்டிராக்டரை அமர்த்தியவரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளிதான்.

வக்கீல் யார்? தரகர் யார்?

ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரிக்கு அடுத்தபடியாக இன்னொருவர் வருகிறார். "எல்லாம் நான் முடித்துத் தருகிறேன். செலவு ஒரு பைசா வேண்டாம். வருகிற பணத்தில் பாதி கொடுத்தால் போதும்" என்கிறார். கடவுள்போல் வந்தார் என்று தொழிலாளியின் மனைவி நினைக்கிறாள். மறுபடியும் ஒரு கையெழுத்து!

இது சட்டத்துக்கு விரோதமானது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டவை. இந்திய வக்கீல் கவுன்சிலின் விதியே அப்படிச் சொல்கிறது. வேலைக்குத் தக்க கூலி கேட்கும் கண்ணியமான வக்கீல்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பங்கு கேட்கிறவர் வக்கீலாக இருந்தால் விதியை மீறுகிறார். வக்கீலாக இல்லாவிட்டால் அவர் தரகர்.

பணம் இல்லாதவர் என்ன செய்வது? இங்கேதான் பலருக்கும் தெரியாத உண்மை ஒன்று இருக்கிறது. 1987-ல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சிலருக்கு இலவச சட்ட உதவியை உரிமையாகவே தருகிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரோடு தொழிற்சாலைத் தொழிலாளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. விரல் போன தொழிலாளிக்கும் கணவனை இழந்த மனைவிக்கும் அரசாங்கமே வக்கீல் வைத்துத் தரக் கடமைப்பட்டிருக்கிறது. வக்கீலின் கூலியை ஆணைக்குழு கொடுக்கும். ஜில்லாக் கோர்ட்டு இருக்கும் இடத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகாக்களில் வட்டக் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

வக்கீல்தான் வேண்டும் என்பதும் இல்லை. பதிவு செய்யப்பட்ட தொழிற்சங்கத்தின் நிர்வாகி, தொழிலாளி எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடு அவருக்காக நஷ்டஈட்டு அதிகாரியின் முன் வாதாடலாம்.

நல்ல வாதத்தின் பலன் என்ன என்பதற்கு ஒரு தச்சரின் வழக்கே சாட்சி. 1969-ல் ஒடிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்தவர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணையைப் பார்த்தால் அது பகுதி ஊனம்தான். ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியுமா? முடியாது. ஆகவே அவருடைய வேலைத்திறன் முழுவதுமே போனதாகத்தான் கொள்ள வேண்டும் என்று 1975-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. நஷ்டஈடு விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டிய கடன், அதிகாரி தீர்ப்புச் சொல்லும் நாளில் அல்ல என்றும் கூறியது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வட்டியும், தக்க காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. 1923-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வட்டி 12 சதவீதம்.

இதைச் சொல்லி வாதாட ஆள் இருந்தால் தச்சருக்கு முழு நஷ்டஈடு. ஆள் இல்லாவிட்டால் அட்டவணைக் கணக்கு. அதுவும் தெரியாவிட்டால் மேஸ்திரியின் கவர்!

செய்ய வேண்டியது என்ன?

சட்டம் இருக்கிறது. இலவச வக்கீல் இருக்கிறார். அதிகாரி இருக்கிறார். அப்படியும் தொழிலாளி ஏன் ஏமாறுகிறார்? உதவி கோர்ட்டுக் கட்டடத்தில் இருக்கிறது. தொழிலாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறார். நடுவே இருக்கும் தூரத்தில் தாளும் மையும் வந்து விடுகின்றன. இதுதான் காரணம்.

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. அறுந்த விரலைச் சேர்த்துத் தைக்கும் டாக்டர்கள் அங்கே இருக்கிறார்கள். விபத்துச் சிகிச்சை தரும் ஒவ்வொரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியிலும் டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு சட்ட உதவியாளருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். ஆணைக்குழுக்களிடம் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வேலை விபத்து என்று பதிவேட்டில் ஏறிய உடனே அவர்களில் ஒருவர் கட்டிலருகே போய், "எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று சொன்னால் போதும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவு ஆகாது.

வேலைக்குச் சேர்க்கும்போதே நஷ்டஈட்டு உரிமையைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2017-ல் முதலாளிகளுக்குக் கடமை விதிக்கப்பட்டது. எத்தனை பட்டறைகளில் அந்தத் தாள் கொடுக்கப்படுகிறது என்று தொழிலாளர் துறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2009-ல் செய்த திருத்தமும் ஏட்டுச் சுரைக்காயாகக் கிடக்கக் கூடாது. அதிகாரி பதவிகளைக் காலியாகப் போடாமல் இருந்தாலே பாதி தாமதம் தீரும்.

சிறு முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஐந்தரை லட்சம் ரூபாய் ஒரு சின்னப் பட்டறையையே கவிழ்த்துவிடும் என்பது உண்மை. அதற்காகத்தான் தொழிலாளர் நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. எந்திரத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர் எந்திரத்தை ஓட்டுகிறவருக்கும் எடுக்க வேண்டாமா? அப்படி எடுத்தவருக்கு நாலாம் நாள் மேஸ்திரியை அனுப்ப வேண்டிய அவசியமே இருக்காது. தொழிலாளியின் முகத்தைப் பார்க்கவும் கூச வேண்டியதில்லை.

போன விரல் திரும்பி வராது. அதற்குச் சட்டம் வைத்த தொகையாவது ஒரு காசு குறையாமல், ஒருவர் பங்கும் இல்லாமல், உரியவர் கைக்கு வந்து சேர வேண்டும். அது தருமம் அல்ல, கடன்.